மலாக்காச் சந்தையில் ஒலித்த தொண்டாங் சாயாங்



இவ்வாண்டுப் பரிசளிப்பு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தரும்படி தலைமையாசிரியர் பணித்தார். "ராஜா, சண்டை, தேதின்னு மட்டும் எழுதிடாதீங்க. தோட்டத்துல இருக்கிற அம்மா அப்பாவும் படிக்கணும்" என்று ஒரு நிபந்தனையும் போட்டார். யோசித்துப் பார்த்தேன். ராஜாவும் சண்டையும் தேதியும் இல்லாமல் மலாக்காவைப் பற்றி எழுத முடியாது. ஆனால் அவற்றை ஒரு பாட்டின் வழியாகச் சொல்லலாம் அல்லவா? அந்தப் பாட்டின் பெயர் தொண்டாங் சாயாங்.

மலாயில் 'தெண்டாங்' என்றால் ராகம் போட்டுப் பாடுவது. 'சாயாங்' என்றால் அன்பு, ஆசை. அன்புப் பாட்டு என்று நாம் பெயர் வைத்துக்கொள்வோம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில் இந்தப் பெயரைப் புத்தகத்தில் பார்த்ததோடு சரி. காதாரக் கேட்டது ஒரு சந்தையில்.

எங்கள் பள்ளி ஆறாம் ஆண்டு மாணவர் 14 பேரை விடுமுறையில் மலாக்கா பார்க்க அழைத்துப் போயிருந்தோம். தோட்டத்துப் பிள்ளைகள். எண்ணெய்ப்பனைக்கு நடுவே வளர்ந்தவர்கள். கோட்டை வாசலையும் செயிண்ட் பால் குன்றையும் சிவப்புக் கட்டடத்தையும் காட்டினோம், தலையாட்டினார்கள். சாயங்காலம் ஒரு திடலில் பெஸ்தா நடப்பதைக் கண்டதும்தான் அவர்களுக்கு உயிர் வந்தது! ராட்டினம் சுற்றுகிறது. வளையம் எறிகிற கடையில் தமிழ்ப் படப்பாட்டு அலறுகிறது. பக்கத்திலே சாத்தே சுடுகிற புகை, சோளம் வேகிற வாசனை, ஐஸ் கச்சாங் கடையில் கூட்டம். ஆளுக்கு 5 வெள்ளி கையில் கொடுத்து, "ரெண்டு ரெண்டு பேரா போங்க, கூடாரத்தைத் தாண்டிப் போகக் கூடாது" என்று சொல்லி அனுப்பினோம்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு பையன்கள் ஓடி வந்தார்கள். "சார், அங்க வந்து பாருங்க சார். பட்டை போட்டுக்கிட்டு ஒரு தாத்தா மலாய்ப் பாட்டு பாடுறாரு!"

போய்ப் பார்த்தேன். திடலின் மூலையில் ஒரு சின்னக் கூடாரம். மேடை கூட இல்லை. தரையில் பாய் விரித்து நாலைந்து நாற்காலி. ஒருவர் தோளில் வயலின் வைத்து வாசிக்கிறார். இருவர் மடியில் ரெபானா. அதாவது, நம் கஞ்சிராவைப் பெரிதாக்கினால் எப்படியிருக்குமோ அப்படி ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டிய பறை. ஓரத்தில் ஒரு கோங் தொங்குகிறது. பெரியவர் நெற்றியிலே திருநீறு, தலையிலே பாத்தேக் துணியில் தலைப்பா. எதிரே சாரோங் கெபாயா உடுத்திய அம்மாள், நெற்றியிலே குங்குமம். வயலின் முதலில் மெதுவாக எடுத்துக் கொடுக்கிறது. பிறகு ரெபானா சேருகிறது, பிறகு கோங். அதன் பிறகுதான் குரல். அவர் நாலு அடி பாடி நிறுத்தியதும் அம்மாள் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு நாலு அடி பதில் கொடுத்தார். சுற்றி நின்றவர்கள் 'ஆ!' என்று கை தட்டினார்கள். என்ன சொன்னார் என்று புரிந்துகொண்ட மலாய்ப் பெண்மணி ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வளையக்கடை ஒலிபெருக்கி ஒரு பக்கம் காதைப் பிளக்கிறது. இந்தப் பக்கம் பாட்டு, ஆற்றிலே படகு போகிற மாதிரி அவசரமே இல்லாமல் போகிறது. என் 14 பேரில் ஒன்பது பத்துப் பேர் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிப் பாட்டின் அமைப்பைச் சொல்கிறேன். தமிழ் வகுப்பில் யாப்பு படித்தவர்களுக்கு இது இனிக்கும்.

தொண்டாங் சாயாங்கில் பாடப்படுவது 'பந்துன்' என்னும் மலாய்ச் செய்யுள். ஒரு பந்துனுக்கு நான்கு அடி. ஓர் அடியில் ஏறக்குறைய நான்கு சொல். அசை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை வரும். முதல் அடியும் மூன்றாம் அடியும் ஒரே ஓசையில் முடியும்; இரண்டாம் அடியும் நான்காம் அடியும் இன்னோர் ஓசையில் முடியும். நமக்கு எதுகையும் மோனையும் அடியின் தலைப்பிலே வருகின்றன. அவர்களுக்கு அழகு அடியின் முடிவிலே. நம் இலக்கணத்தில் இதற்கு இயைபுத் தொடை என்று பெயர் உண்டு அல்லவா? அதுவேதான்.

முதல் இரண்டு அடிக்குப் 'பெம்பாயாங்' என்று பெயர். 'பாயாங்' என்றால் நிழல். அதிலே ஓர் ஆறு, ஒரு பழம், ஒரு பறவை, சந்தைக்குப் போகிற படகு, இப்படி ஏதாவது ஒரு காட்சி வரும். கடைசி இரண்டு அடிதான் 'மக்சூட்', அதாவது சொல்ல வந்த கருத்து. நிழல் முன்னால் போகும், ஆள் பின்னால் வருவான். நல்ல பாடகர் போடுகிற நிழலுக்கும் ஆளுக்கும் உறவு இருக்கும். சங்கப் பாட்டிலே மலையையும் சுனையையும் குரங்கையும் பாடிவிட்டு அதற்குள்ளே தலைவியின் மனத்தை ஒளித்து வைக்கிறானே புலவன், அந்த உள்ளுறையை நினைத்துக்கொள்ளுங்கள். முற்றிலும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் நேராகச் சொல்லாமல் சுற்றி வந்து சொல்வதிலே இரண்டு கூட்டத்தாருக்கும் ஒரே ருசி.

இன்னொரு விதி உண்டு. பாட்டுக்குத் தலைப்பு இருக்கும். பூ, பழம், கடல், நன்றி, காதல் என்று ஏதாவது ஒன்று. ஒருவர் பழத்தை வைத்துத் தொடங்கினால் எதிராளியும் பழத்திலேயே பதில் சொல்ல வேண்டும். பூவுக்குத் தாவினால் தோல்வி. அதுவும் நின்ற நிலையிலே, வயலின் ஒரு சுற்று வாசித்து முடிப்பதற்குள் கட்ட வேண்டும். மனப்பாடமாக ஆயிரம் பந்துன் தெரிந்தவர்களும் உண்டு. அங்கேயே புதிதாகக் கட்டுகிறவர்களும் உண்டு. எங்கள் தோட்டத்துப் பழைய ஆட்களுக்கு இதைச் சொன்னபோது, "இது நம்ம எசப்பாட்டுதானே வாத்தியாரே!" என்றார்கள். காமன் கூத்திலே எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று விடிய விடிய லாவணி பாடுவதைக் கண்டவர்கள் அவர்கள்.

இருக்கட்டும். திருநீறு பூசியவர் மலாய்ப் பாட்டில் எப்படிப் பழத்தைக் கொண்டு அடித்தார்? அதற்குத்தான் வரலாறு வேண்டும்.

1400-ஆம் ஆண்டையொட்டிப் பரமேஸ்வரா மலாக்காவை நிறுவினார். சில தலைமுறைக்குள் அது ஆசியாவின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாகிவிட்டது. காரணம், காற்று. மேற்கேயிருந்து வருகிற கப்பல் ஒரு பருவக்காற்றில் வரும். கிழக்கேயிருந்து வருகிற கப்பல் அடுத்த பருவக்காற்றில் வரும். இரண்டும் சந்திக்கிற இடம் மலாக்கா. காற்று மாறும் வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற மனிதன் சும்மா இருப்பானா? வீடு கட்டினான், கிடங்கு கட்டினான், குடும்பமும் கட்டினான்!

போர்த்துக்கீசியரான தோமே பீரேஸ் 1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்தவர். அங்கே 84 மொழிகள் பேசப்பட்டன என்று எழுதி வைத்தார். சுல்தான் ஆட்சியில் வெளிநாட்டு வணிகர்களைக் கவனிக்க நான்கு ஷாபண்டார்கள் இருந்தார்கள். அவர்களுள் ஒருவர் நம் சோழமண்டலக் கரை, வங்காளம், பெகு முதலிய இடங்களிலிருந்து வந்தவர்களைப் பார்த்துக்கொண்டார். அந்தக் கரையிலிருந்து துணி வந்தது. இங்கிருந்து மிளகும் கிராம்பும் சாதிக்காயும் போயின. கூடவே சொற்களும் இறங்கின. மலாய்க்காரர் இன்று கப்பலைக் 'காப்பால்' என்கிறார்; கடையைக் 'கெடாய்' என்கிறார்; கட்டிலைக் 'காத்தில்' என்கிறார்; பெட்டியைப் 'பெத்தி' என்கிறார்; வணிகத்துக்குப் போடும் முதலை 'மோடால்' என்கிறார்; மாம்பழத்தை 'மெம்பெலாம்' என்கிறார். இந்தச் சொற்களை ஒன்றாக அடுக்கிப் பார்த்தாலே வந்தவன் வியாபாரி என்று தெரிந்துவிடுகிறது.

அந்தத் தமிழ் வணிகர்களில் பலர் இங்கேயே தங்கினார்கள். கடல் தாண்டிப் பெண்களை அழைத்து வருவது வழக்கமில்லாத காலம். ஆகவே இங்குள்ள பெண்களை மணந்தார்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகள் தாயின் மொழியைப் பேசினார்கள், தகப்பனின் தெய்வத்தைக் கும்பிட்டார்கள். இவர்களே மலாக்கா செட்டிகள். 19-ஆம் நூற்றாண்டில் வந்து வட்டிக்கடை நடத்திய நகரத்தார் வேறு, இவர்கள் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர்கள் வந்து 500 ஆண்டுகளுக்கு மேலாகிறது. நம் பாட்டனார் கங்காணியோடு கப்பலேறி வந்தது நேற்று என்றால், இவர்கள் வந்தது அதற்கும் முந்தின யுகம்.

1511-இல் அல்புகெர்க்கே மலாக்காவைப் பிடித்தார். அப்போது தமிழ் வணிகர் தலைவராயிருந்தவர் நைனா சாத்து. போர்த்துக்கீசியருக்கு உதவியவர். அதனால் அவருக்குப் பெண்டாஹாரா பதவி கொடுத்தார்கள். 1514-இல் அதே போர்த்துக்கீசியர் பதவியைப் பிடுங்கி வேறொருவருக்குக் கொடுக்க முடிவு செய்தபோது, அவமானம் தாங்காமல் அவர் தீ மூட்டி அதில் இறங்கி உயிர் விட்டார் என்று போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். அவர் செய்த உதவி சரியா தவறா என்று வகுப்பில் விவாதம் வைத்தால் மணி அடித்தும் முடியாது.

1641-இல் டச்சுக்காரர் வந்தனர். வாணிகம் கையை விட்டுப் போகப் போகச் செட்டிகள் நகரத்தை விட்டுச் சற்றுத் தள்ளி, காஜா பெராங் பக்கம் நிலத்தை நம்பி வாழத் தொடங்கினார்கள். ஆனாலும் கோயிலை விடவில்லை. டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில் 1781-இல் பொய்யாத விநாயகர் ஆலயம் எழும்பியது. மலாக்கா நகரில் அதற்குப் பக்கத்திலேயே பள்ளிவாசலும் சீனக் கோயிலும் இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1822-இல் காஜா பெராங்கில் முத்துமாரியம்மன் ஆலயம் வந்தது. 1824-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி மலாக்கா ஆங்கிலேயர் வசமானது.

அந்த மாரியம்மனுக்கு ஏப்ரல், மே மாத வாக்கில் நடக்கும் திருவிழாவுக்குச் செட்டிகள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? 'டத்தோ சாச்சார்'. 'சாச்சார்' என்றால் மலாயில் அம்மை நோய். டத்தோ என்பது மரியாதைப் பெயர். அம்மை போடும் தாயை நாம் 'ஆத்தா' என்கிறோம். அவர்கள் அதே தாயை மலாயில் கூப்பிடுகிறார்கள். பொங்கலுக்கு முந்தின நாள் போகியன்று முன்னோருக்கு இலை போட்டுப் படைக்கிறார்கள். அதற்குப் 'போகி பர்ச்சு' என்று பெயர். படையலில் நாசி லெமாக்கும் இருக்கும், மலாய்க் குவேயும் இருக்கும். பிள்ளை, முதலியார், நாயக்கர், ராஜா, செட்டி என்ற பட்டங்கள் அவர்கள் பெயர்களிலே இன்னும் நிற்கின்றன. தலைப்பாகை அவர்கள் வாயில் 'தலப்பா'. மொழி போயிற்று, ஆனால் போகும்போது சில சொற்களை வாசலில் விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

இப்போது வயலினுக்கு வருவோம். எனக்கு இந்தக் கட்டுரையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஆகவே கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்டாங் சாயாங் சுல்தான் காலத்திலேயே தோன்றியது என்று மலாக்காவில் சொல்வது வழக்கம். பந்துன் பழமையானது என்பதில் ஐயமில்லை; 'செஜாரா மெலாயு'விலேயே பந்துன் இருக்கிறது. ஆனால் வயலின்? வயலின் இன்று நாம் காணும் வடிவத்தை வட இத்தாலியில் 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் அடைந்தது. 1511-இல் அல்புகெர்க்கேயின் கப்பலில் அது வந்திருக்க முடியாது. ஆகப் பாட்டு முன்னே, வயலின் பின்னே. மலாயில் அதற்குப் 'பியோலா' என்று பெயர். அது போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. ஐரோப்பியர் கொண்டு வந்த கருவியை மலாக்கா மக்கள் வாங்கித் தங்கள் பாட்டுக்கு வேலை செய்ய வைத்தார்கள். ரெபானா அரபு நாட்டுத் தொடர்பைக் காட்டுகிறது. கோங் இந்தத் தீவுகளுக்கே உரியது. ஒரு பாயிலே மூன்று கடல் வழிகளும் உட்கார்ந்திருக்கின்றன!

தமிழ்நாட்டிலும் இதே கதை நடந்தது என்பதை மறக்கக் கூடாது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டு வந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதில் பெரும் தேர்ச்சி பெற்று, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் சபையில் புகழடைந்தார். 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் செய்தி இது. வெள்ளைக்காரன் நின்றுகொண்டு வாசித்த கருவியை நம்மவர் தரையில் அமர்ந்து, அதன் தலையைக் காலில் ஊன்றி, கமகம் பேச வைத்தார்கள். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? அது அந்நியக் கருவி என்று யாராவது சொல்கிறார்களா? மலாக்காவில் அது தோளிலேயே நின்றது. ஆனால் பேசுவது மலாய். ஒரே மரப்பெட்டி சென்னையிலே தமிழனாகவும் மலாக்காவிலே மலாய்க்காரனாகவும் மாறியிருக்கிறது. பாயில் இருந்த அந்தப் பெரியவரோ இரண்டு ஊருக்கும் சொந்தக்காரர்.

பாடுகிறவர்கள் செட்டிகள் மட்டுமல்லர். மலாய்க்காரர் பாடுகிறார்கள். பாபா நோன்யா என்னும் மலாக்காச் சீனர் திருமணத்திலும் பிறந்தநாளிலும் இதைப் பாடி வளர்த்தார்கள்; சிங்கப்பூரில் 1910-இல் 'குனோங் சாயாங்' என்ற சங்கமே இதற்காக அமைத்தார்கள். உஜோங் பாசிரில் வாழும் போர்த்துக்கீசிய வழியினரும் பாடுகிறார்கள். நான்கு இனத்தார் ஒரே பாட்டை ஒருவர் மேல் ஒருவர் வீசி விளையாட முடிகிறது என்றால், அது பள்ளிப் பாடநூலில் போட வேண்டிய செய்தி அல்லவா? 2008-இல் மலாக்கா நகரம் ஜார்ஜ்டவுனோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. 2018-இல் தொண்டாங் சாயாங்கும் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்கள் பட்டியலில் சேர்ந்தது. 2020-இல் பந்துனும் மலேசியா, இந்தோனேசியா இரண்டின் பெயரிலும் சேர்ந்தது. பட்டியலில் பெயர் ஏறினால் பாட்டு பிழைத்துவிடுமா என்பது வேறு விஷயம். பட்டியல் பாடாது, ஆள்தான் பாட வேண்டும்.

சந்தையில் பாட்டு முடிந்ததும் என் மாணவர்கள் பெரியவரைச் சூழ்ந்துகொண்டார்கள். தமிழில் கேட்டார்கள்; அவர் மலாயில் பதில் சொன்னார். "நாங்கள் செட்டி, மலாக்காவின் பழைய ஆட்கள்" என்றார். சாமி, பொங்கல், தலப்பா ஆகிய சொற்கள் மட்டும் தமிழில் வந்தன. அந்த அம்மாள் ஒரு மாணவியின் கன்னத்தைத் தட்டி, "நீ தமிழில் படிக்கிறாயா? கொடுத்து வைத்தவள்" என்று மலாயில் சொன்னார். திரும்பும் வழியில் வேனில் ஒரு பையன் கேட்டான்: "சார், தமிழே பேசத் தெரியல. அப்புறம் எப்படி சார் தமிழங்க?" இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

கேள்வி சாதாரணமானதல்ல. நான் உடனே ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் வகுப்பில் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு போட்டேன். இந்தப் பக்கம் செட்டிகள், அந்தப் பக்கம் நாம். செட்டிகள் பக்கம் மாணவர்களே சொல்லச் சொல்ல எழுதினேன்: கோயில் இருக்கிறது, போகி இருக்கிறது, முன்னோருக்குப் படையல் இருக்கிறது, பட்டப்பெயர் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, மொழி இல்லை. "இப்ப நம்ம பக்கம் சொல்லுங்க" என்றேன். மொழி இருக்கிறது என்று உரக்கச் சொன்னார்கள். கோயில் இருக்கிறது. பாட்டு? "இருக்கு சார்!" என்று நாலைந்து படப்பாட்டைச் சொன்னார்கள். "உங்க பாட்டி பாடினது?" என்றேன். வகுப்பு அமைதியாகிவிட்டது.

பெற்றோர்களே, இதை உங்களைக் குறை கூற எழுதவில்லை. தோட்டத்து வாழ்க்கை எப்படி மாறியது என்று உங்களுக்கே தெரியும். லயத்து வாசலில் தப்பு காய்ச்சி அடித்த காலம் இருந்தது. திருவிழாவுக்கு உறுமி வந்தால், வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும் அந்த உறுமல் கேட்டே ஆள் சாமியாடும். மாசி மாதம் காமன் நட்டு, லாவணி பாடி, எரித்தார்கள். பிறகு பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்தது. பால்மரத்துக்கு விடியற்காலை ஐம்பது பேர் பிரட்டுக்கு நின்ற இடத்தில் இன்று சில பேர் போதும். பிள்ளைகள் பட்டணத்துக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். பாட்டு மட்டும் எங்கே தனியாக நிற்கும்? உறுமி நல்லவேளையாகப் பட்டணத்திலும் பிழைத்துக்கொண்டது. தைப்பூசத்துக்குப் பத்துமலை போனால் இளைஞர் குழுக்கள் அடிப்பதைக் கேட்கிறோம். லாவணிக்கும் எசப்பாட்டுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அவை அடிக்கிற கலை அல்ல. ஒருவர் சொன்னதை இன்னொருவர் காது கொடுத்துக் கேட்டுப் பதில் கட்டுகிற கலை. அதற்கு நேரமும் வேண்டும், எதிரே ஆளும் வேண்டும்.

அன்று மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். வீட்டிலோ லயத்திலோ இருக்கிற மூத்தவர்களிடம் போய், அவர்கள் வேலைக்காட்டில் பாடிய பாட்டு ஒன்றைக் கேட்டு, சொல் மாறாமல் நோட்டில் எழுதி வர வேண்டும். சினிமாப் பாட்டு செல்லாது. சிலர் தாலாட்டு கொண்டு வந்தார்கள். ஒருவன் ஒப்பாரி கொண்டு வந்தான். "எழுதும்போது ஆயா அழுதுட்டாங்க சார், அதனால பாதிதான்" என்றான். சிலர் வெறுங்கையோடு வந்தார்கள். அவர்கள் வீட்டில் கேட்பதற்குப் பெரியவர்கள் யாரும் இல்லை.

ஒரு மாணவியின் நோட்டு மட்டும் வித்தியாசமாக இருந்தது. இரண்டு அடி எழுதியிருந்தாள். அதன் கீழே இரண்டு அடிக்கு இடம் விட்டிருந்தாள். மறுபடியும் இரண்டு அடி, மறுபடியும் வெற்றிடம். பக்கம் முழுவதும் இப்படியே. "என்னம்மா இது, மறந்துட்டாங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். பாட்டியும் இன்னொரு பாட்டியும் பக்கத்துப் பக்கத்து நிரையில பால் வெட்டினாங்களாம். இவங்க ரெண்டு அடி பாடினா அவங்க ரெண்டு அடி பாடுவாங்களாம். 'எம் பாட்டு எனக்குத் தெரியும், அவ பாட்டு அவளுக்குத்தான் தெரியும், நான் எப்படிடி சொல்றது'ன்னு பாட்டி சொல்லிட்டாங்க."

அந்த இன்னொரு பாட்டி தோட்டத்தை விட்டுப் போய்ப் பல வருடமாகிறது. சிரம்பானில் ஒரு வீடமைப்புப் பகுதியில் மகனோடு இருக்கிறாராம். தொலைபேசி எண் கிடைத்திருக்கிறது. வருகிற விடுமுறையில் தன் தாயாரையும் மகளையும் மோட்டாரில் அங்கே அழைத்துப் போவதாக மாணவியின் தகப்பனார் என்னிடம் சொல்லியிருக்கிறார். நோட்டை மறக்காமல் எடுத்துப் போகும்படியும், அதோடு இரண்டு பென்சில் சீவி வைத்துக்கொள்ளும்படியும் மாணவியிடம் சொல்லியிருக்கிறேன்.